ஒரு கண்மாய்க்கரை ஊரின் கதை

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன மாதம் போன் பண்ணி, "தம்பி, நீ வெளிநாடெல்லாம் போய்ட்டு வந்திருக்க, இருபது நிமிஷம் ஏதாவது டெக்னிக்கலா பேசு" என்றார். நான், "அண்ணே, டெக்னிக்கலா பேசினா முன்வரிசை தூங்கிடும். ஒரு ஊரைப் பத்திப் பேசுறேன்" என்றேன். "எந்த ஊரு?" என்றார். "ஸ்ரீவில்லிபுத்தூர்" என்றேன். "அதைப் பத்தி எங்களுக்குத் தெரியாததா நீ சொல்லப் போற?" என்று சிரித்தார். அண்ணன் கேட்டது நியாயம்தான். ஆனால் அந்த ஊரைப் பற்றி எனக்கே தெரியாத ஒரு விஷயம் இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள நான் ஐரோப்பா வரைக்கும் போக வேண்டியதாயிற்று. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு சாலை வேலையின் வடிவமைப்புக்காக வடக்கு மாசிடோனியா நாட்டுக்குப் போயிருந்தேன். கிரீஸுக்கு வடக்கே இருக்கிற சின்ன நாடு. தலைநகரம் ஸ்கோப்யே. அங்கிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம் போனால் ஓஹ்ரித் என்று ஒரு ஊர். ஒரு சனி, ஞாயிறு லீவில் போனேன். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஏரி, நடுவில் ஊர். ஏரி சுமார் 358 சதுர கிலோமீட்டர். அக்கரையில் ஒரு பகுதி அல்பேனியா நாடு. ஆழமான இடத்தில் 288 மீட்டர். நம்ம ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் 192 அடி. அந்த மாதிரி நாலு கோபுரத்தை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இறக்கினாலும் உச்சிக் கலசம் வெளியே தெரியாது. பத்து லட்சம் வருஷத்துக்கும் மேலாக வற்றாமல் இருக்கிற ஏரி. உலகத்தில் வேறெங்கும் இல்லாத மீன் வகைகள் அதில் உண்டு.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தேன். நமக்கு அதுதானே தொழில்! பக்கத்தில் மலைக்கு அந்தப் பக்கம் பிரெஸ்பா என்று இன்னொரு ஏரி, இதைவிட உயரத்தில் இருக்கிறது. நடுவில் இருக்கிற மலை சுண்ணாம்புக்கல் மலை. மேல் ஏரித் தண்ணீர் அந்தச் சுண்ணாம்புப் பாறைக்குள்ளே புகுந்து, மலைக்கு அடியிலேயே நடந்து, கீழே ஓஹ்ரித் கரையில் ஊற்றாகக் கிளம்புகிறது. ஆலங்குளத்துக்காரனான எனக்கு அதைக் கேட்டதும் ஒரு பாசம் வந்துவிட்டது. எங்கள் ஊரும் சுண்ணாம்புக்கல்லால் பிழைத்த ஊர்தான். 1970-ல் அரசு சிமெண்ட் ஆலை எங்கள் ஊருக்கு வந்ததே அந்தக் கல்லை நம்பித்தான்.

ஓஹ்ரித்துக்கு வயது இரண்டாயிரத்துக்கு மேல். பழைய பெயர் லிக்னிதோஸ். ரோமாபுரிக்காரர்கள் கிழக்கே போகப் போட்ட பெருவழி அந்த ஊர் வழியாகத்தான் போனது. ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கிளெமென்ட் என்ற துறவி அங்கே வந்து, ஸ்லாவ் மக்களுக்கு அவர்கள் பேசுகிற மொழியிலேயே எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். அவர் காலமானது 916-ல். பிறகு சாமுவேல் என்ற ராஜா கோட்டை கட்டினான். பிறகு துருக்கியர் ஆட்சி, அது 1912 வரைக்கும். பிறகு யூகோஸ்லாவியா. அதுவும் உடைந்து, தனி நாடு. 2001-ல் அந்த நாட்டில் இரண்டு இனத்தாருக்குள் சண்டை மூண்டபோது சமாதான ஒப்பந்தம் பேசி முடித்ததும் இந்த ஏரிக்கரையில்தான். வருஷத்துக்கு 365 நாள், நாளுக்கு ஒன்றாக 365 தேவாலயம் எங்கள் ஊரில் என்று பெருமை பேசுவார்கள். கணக்கெடுத்தால் குறையும். நம்ம ஊர்ப் பெருமைகளும் அப்படித்தானே!

நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா வயதானவர். உடைந்த ஆங்கிலத்தில் பேசினார். நானும் அப்படித்தான் பேசினேன், அதனால் நன்றாகப் புரிந்தது. சாயங்காலம் ஏரியைப் பார்க்க உட்கார்ந்திருந்தோம். "உன் ஊர் பேர் என்ன?" என்றார். "ஆலங்குளம்" என்றேன். "அதுக்கு என்ன அர்த்தம்?" "ஆலமரம் நிற்கிற குளம்." அந்த அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். "அப்போ நீயும் ஏரிக்கரைப் பையன்தான்! உங்க ஏரி எவ்வளவு பெரிசு? தண்ணி எங்கிருந்து வருது?"

நண்பர்களே, எனக்குப் பதில் தெரியவில்லை.

அவர்கள் ஏரியின் ஆழத்தை மீட்டர் கணக்கில் ஒப்பிக்கிறேன், என் ஊர் பெயரிலேயே இருக்கிற குளத்தைப் பற்றி ஒரு வரி சொல்லத் தெரியவில்லை. ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "கண்மாய் இருக்குப்பா. மழை பெஞ்சா தண்ணி இருக்கும். ஏன், அங்க குடிக்கத் தண்ணி இல்லையா?" என்றார்.

அன்றைக்கு ராத்திரி எனக்கு நினைவு வந்தது ஆலங்குளம்கூட இல்லை. அம்மாவைப் பெற்ற தாத்தாவும், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் அவர் இருந்த கிராமத்துக் கண்மாய்க்கரையும்தான். தாத்தாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் ஊர்.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் நமக்குக் கோபுரம், தேர், பால்கோவா. மூன்றுமே சரிதான். ஆனால் ஊர் பிறந்த கதையைக் கொஞ்சம் கவனியுங்கள். மல்லி என்ற ராணிக்கு வில்லி, கண்டன் என்று இரண்டு பிள்ளைகள். வேட்டைக்குப் போன இடத்தில் கண்டனைப் புலி கொன்றுவிட்டது. தம்பியைத் தேடிப் போன வில்லிக்குக் காட்டில் பெருமாள் காட்சி கொடுத்தார். அவன் காட்டைத் திருத்திக் கட்டிய ஊர் வில்லிபுத்தூர் என்பது தல புராணம். ராணி பெயரில் மல்லி என்ற ஊர் இன்றைக்கும் சிவகாசி ரோட்டில் இருக்கிறது. புலியும் கதையோடு போய்விடவில்லை. ஊருக்கு மேற்கே மலையில் 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் வந்தது. 2021-ல் அதே காடு மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயிற்று.

காட்டைத் திருத்தி ஊர் கட்டினால் மட்டும் போதுமா? ஜனம் சாப்பிட வேண்டாமா? இங்கேதான் நம்ம ஊருக்கும் ஓஹ்ரித்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே ஏரி முதலில் இருந்தது, ஜனம் பிறகு வந்து கரையில் குடியேறினார்கள். நம்ம பக்கம் வற்றாத ஆறும் கிடையாது, தானாக உண்டான ஏரியும் கிடையாது. நம்ம மாவட்டத்தில் வருஷ மழை சராசரியாக 800 மில்லிமீட்டர் சொச்சம். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்ச நாளில் கொட்டித் தீர்த்துவிடும். மலையில் பெய்கிற தண்ணீர் ஓடையாக இறங்கி, நிறுத்த ஆள் இல்லாவிட்டால் ரெண்டு நாளில் வைப்பாறு வழியாகக் கடலுக்குப் போய்விடும். அதனால் நம்ம முன்னோர்கள் ஓடைக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டிக் கரை போட்டார்கள். ஒரு கண்மாய் நிறைந்தால் அடுத்த கண்மாய்க்கு, அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு என்று சங்கிலியாகக் கோர்த்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாயில் ஆரம்பித்து, சுற்றுப்பட்டியில் எந்த ஊருக்குப் போனாலும் பேருக்கு ஒரு குளமாவது இருக்கும். தமிழ்நாடு முழுக்க 39 ஆயிரத்துக்கு மேல் ஏரி, குளம், கண்மாய் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

அங்கே ஏரி ஊரை உண்டாக்கியது. இங்கே ஊர் ஏரியை உண்டாக்கியது. இந்த ஒரு வரியைத்தான் நான் சொல்ல வந்தேன். மீதி எல்லாம் இதற்கு விளக்கம்.

இப்போது ஊரின் குணத்துக்கு வருவோம். ஆண்டாள் நாச்சியாரை எல்லோருக்கும் பக்தியால் தெரியும். ஒரு சிவில் இன்ஜினியராக நான் திருப்பாவையைப் படித்தபோது, முப்பது பாசுரத்தில் நாலாவது பாசுரத்தில் அப்படியே நின்றுவிட்டேன். மேகம் கடலுக்குள் போய்த் தண்ணீரை மொண்டுகொண்டு, மேலே ஏறி, கறுத்து, மின்னி, இடித்து, மழையாகப் பொழிகிற வரிசையை அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். நாம் ஹைட்ராலஜி பேப்பரில் படம் போட்டு அம்புக்குறி வைத்து எழுதினோமே, அதே வரிசை. அதற்கு நமக்கு எட்டு மார்க் கொடுத்தார்கள்.

அது மட்டுமில்லை. மார்கழி நீராட்டு ஏன் மார்கழியில்? பக்திக் காரணம் பெரியவர்கள் சொல்வார்கள். நான் மழைக் கணக்கைப் பார்க்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து, நம்ம பக்கத்துக் குளமெல்லாம் வருஷத்திலேயே நிறைந்து நிற்கிற மாதம் மார்கழி. அந்த மாதத்தில்தான் ஆண்டாளுக்குத் திருமுக்குளக்கரையில் எண்ணெய்க்காப்பு உற்சவம் நடக்கிறது. கங்கை, யமுனை, சரஸ்வதி மூன்றும் அந்தக் குளத்தில் வந்து சேர்ந்ததால் முக்குளம் என்று பெயர் என்பார்கள். கங்கை வருகிறதோ இல்லையோ, வடகிழக்குப் பருவமழை வந்தாக வேண்டும். ஊரின் பஞ்சாங்கமும் கண்மாயின் பஞ்சாங்கமும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தண்ணீர் நின்றது, நெல் விளைந்தது, ஊர் நிலைத்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். பதினொரு நிலைக் கோபுரம் எழுந்தது. தமிழக அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று நாம் சொல்வோம்; மதுரைக்காரர்கள் மீனாட்சியம்மன் கோயில் மேலக்கோபுரம் என்பார்கள். அந்த வழக்கில் தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை, சாப்பிட்டுவிட்டு பத்திரமாக ஊர் திரும்ப வேண்டும். திருமலை நாயக்கர் இங்கே ஒரு மகால் கட்டினார். ஆண்டாளுக்குப் பூஜை முடிந்த சேதி தெரிந்த பிறகே அவர் சாப்பிடுவார், அதற்காக இங்கிருந்து மதுரை வரைக்கும் வழிநெடுக மண்டபம் கட்டி நகரா முரசு வைத்திருந்தார் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. ஒரு மண்டபத்தில் அடிப்பதைக் கேட்டு அடுத்த மண்டபத்தில் அடிப்பார்கள். இ.சி.இ. நண்பர்கள் கவனிக்கவும், ரிப்பீட்டர் ஸ்டேஷன்!

வெள்ளைக்காரன் காலத்தில் இந்த ஊர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1875-ல் பென்னிங்டன் என்ற கலெக்டர் பேரில் ஒரு நூலகம் ஆரம்பித்தார்கள். இந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் போட்டித் தேர்வுக்குப் படித்தது அங்கேதான் என்று எனக்குத் தெரியும். 1910-ல் ராமநாதபுரம் ஜில்லாவுக்கு மாறியது. 1927-ல் விருதுநகர், தென்காசி ரயில் வந்தது. 1985-ல் மாவட்டம் பிரிந்தபோது கலெக்டர் ஆபீஸ் விருதுநகருக்குப் போனது; மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அதனால்தான் காலையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களில் பாதிப்பேர் கையில் பூமாலை, பாதிப்பேர் கையில் கேஸ் கட்டு.

தேரைப் பற்றிச் சொல்லாவிட்டால் மெக்கானிக்கல் நண்பர்கள் கோபித்துக் கொள்வார்கள். மரச்சக்கரம் இருந்த காலத்தில் ஆடிப்பூரத் தேர் நிலையை விட்டுக் கிளம்பினால் திரும்பி வந்து சேர நாட்கணக்கில் ஆகும். சுற்றுப்பட்டி ஜனம் கட்டுச்சோற்றோடு வந்து வடம் பிடிப்பார்கள். இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தபிறகு ஒரே நாளில் நிலைக்கு வந்துவிடுகிறது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்ற வார்த்தைக்கு அர்த்தம் தெரிய வேண்டுமானால் ரத வீதியில் ஒரு தடவை வடத்தில் கை வைத்துப் பாருங்கள்.

பால்கோவாவும் தண்ணீர்க் கதைதான். மலை அடிவாரத்தில் மேய்ச்சல், வயலில் வைக்கோல், அதனால் மாடு, மாட்டால் பால். பத்து லிட்டர் பாலைச் சர்க்கரை போட்டு விறகு அடுப்பில் இடைவிடாமல் கிண்டினால் மூன்று கிலோ சொச்சம் கோவா இறங்கும். கிண்டுகிற கை நின்றால் அடிப்பிடித்துவிடும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம். ஓஹ்ரித்திலும் இப்படி ஒரு சரக்கு உண்டு: ஏரி மீனின் செதிலை வைத்துச் செய்கிற முத்து மாலை. அதன் பக்குவம் இரண்டு குடும்பத்துக்கு மட்டும் தெரியும் என்கிறார்கள். ஏரி மீன் போனால் அந்த முத்தும் போகும். கண்மாய் போனால் மாடும் பாலும் எங்கே நிற்கும்? நாம் இதை யோசிப்பதே இல்லை. டப்பாவில் அடைத்து விற்கிற வரைக்கும் நமக்குக் கவலை கிடையாது.

இப்போது தாத்தாவுக்கு வருகிறேன்.

என் தாத்தா ஒரு கண்மாயின் நீர்பாய்ச்சி. சிலர் மடைக்குடும்பன் என்பார்கள். எப்போது மடையைத் திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம், தண்ணீர் குறைந்த வருஷத்தில் யாருக்கு முறை என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. சம்பளம் கிடையாது. அறுவடையில் களத்தில் கொடுக்கிற கதிர்க்கட்டு, நெல், அதற்குச் சுவந்திரம் என்று பெயர். ஆயக்கட்டில் அவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. நிலம் இல்லாதவன் கையில் மடை இருந்தால்தான் தண்ணீர் நியாயமாகப் போகும் என்று ஊர் வைத்த ஏற்பாடு அது. அதில் நியாயம் இருந்தது. தலைமுறை தலைமுறையாக ஊருக்குத் தண்ணீர் பங்கிட்ட குடும்பத்துக்கு ஒரு குழி நிலம்கூடச் சேரவில்லை என்பதில் அநியாயமும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முன்னோர் பெருமை பேசுகிறபோது இரண்டாவதை விட்டுவிடுகிறோம்.

முதல் வருஷம் ஹாஸ்டலில் சீனியர்கள் எங்களை வரிசையில் நிறுத்தி, "உங்க தாத்தா என்னடா பண்ணாரு?" என்று கேட்டார்கள். பக்கத்தில் நின்றவன் "பண்ணையார்" என்றான். நான் "விவசாயி" என்றேன். மடை திறக்கிறவர் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

மூன்றாம் வருஷம் சிவில் பசங்களுக்கு ஒரு டிராயிங் பேப்பர் உண்டு. சிவில் நண்பர்கள் இப்பவே சிரிக்கிறீர்கள், ஆமாம், அதேதான்: 'டேங்க் ஸ்லூயிஸ் வித் டவர் ஹெட்'. விடிய விடிய உட்கார்ந்து, டிராஃப்டரோடு மல்லுக்கட்டி, மூன்று தோற்றமும் வரைந்து முடித்தேன். லீவில் போனபோது ஷீட்டை எடுத்துக்கொண்டு போய்த் தாத்தாவிடம் காட்டினேன். உள்ளுக்குள் ஒரு கர்வம்தான். "தாத்தா, இது மடை. நான் வரைஞ்சது" என்றேன்.

அவர் திண்ணையில் விரித்து வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எது கரை, எது தண்ணீர்ப் பக்கம், எது வயல் பக்கம் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொல்லிவிட்டார். பிறகு கேட்டார்: "எல்லாம் சரிதான் ராசா. தண்ணி போக வழி வச்சிருக்க. சேறு போக எங்க வழி?"

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். பழைய குமிழி மடையில் இரண்டு துளை உண்டு. மேலே நீரோடி. அது வழியாகத் தெளிந்த தண்ணீர் வயலுக்குப் போகும். கீழே தரைமட்டத்தில் சேறோடி. அதன் வழியாக வண்டல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி வயலுக்கே உரமாகப் போய்ச் சேரும். இளவயசில் தாத்தா மூச்சைப் பிடித்து முங்கிப் போய்க் கல்லை எடுத்து மடை திறந்தவர். உள்ளே இருந்த துளை ஒவ்வொன்றும் அவர் கைக்குத் தெரியும். "சேறு போக வழி வைக்கலேன்னா, கம்மா நாளாவட்டத்துல மேடாயிரும். பெறகு மடை மட்டும் நின்னு என்ன பிரயோசனம்?" என்றார். அந்த ஷீட்டுக்கு எனக்குக் காலேஜில் நல்ல மார்க்தான். தாத்தா கேட்ட கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

அவருக்குத் தெரிந்த பொறியியல் எல்லாம் அந்தக் கரையைச் சுற்றித்தான். மலையிலிருந்து வருகிற வரத்துக்கால் திறந்திருக்க வேண்டும். அளவுக்கு மேல் வந்தால் கலுங்கு வழியாகப் போய்விட வேண்டும், கரையில் ஏறக் கூடாது. கோடையில் கண்மாய் வற்றினால் கரம்பை மண்ணை வண்டியில் அள்ளி வயலில் அடிக்க வேண்டும். கண்மாய்க்கு ஆழம், வயலுக்கு உரம். வருஷத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு ஒரு ஆள் வந்து வேலை செய்ய வேண்டும். அதுதான் குடிமராமத்து. 1858-ல் வெள்ளைக்காரன் அந்த ஊர் வழக்கத்தையே சட்டமாக எழுதினான். 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் ஒரு முறை தூர்வாரி போட்டோ எடுத்துக்கொண்டால் கண்மாய் பிழைக்காது. அது வருஷா வருஷம் செய்கிற வேலை. பால்கோவாக் கரண்டி மாதிரி, கை நிற்கக் கூடாது.

கை நின்றுவிட்டது என்பதுதான் விஷயம். போர்வெல் வந்தது, தனித்தனியாகத் தண்ணீர் எடுக்க முடிந்தவனுக்குக் கண்மாய் தேவைப்படவில்லை. சுவந்திரம் நின்றது, நீர்பாய்ச்சி பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள், என்னையும் சேர்த்து. உள்ளே சீமைக்கருவேலம் மண்டியது. வரத்துக்காலில் வீடு வந்தது, ரோடு வந்தது. ரோடு போடுகிறவன் நான்; அதனால் இந்தக் குறையை வேறு யார் தலையிலும் வைக்க மாட்டேன். ஒரு ஓடையைக் கடக்கும்போது எவ்வளவு அகலத்துக்குப் பாலம் வைக்கிறோம் என்பதில், கீழே இருக்கிற ஒரு கண்மாயின் ஆயுசு இருக்கிறது. அதை மறந்துவிட்டுச் சின்னக் குழாய் ஒன்றைப் புதைத்துவிட்டுப் போன வடிவமைப்பு என் கையாலேயே ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்தது. ஓஹ்ரித்திலிருந்து திரும்பி வந்த பிறகுதான் அதை நினைத்து எனக்குத் தூக்கம் கெட்டது.

ஓஹ்ரித் ஏரிக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. 1979-ல் யுனெஸ்கோ அந்த ஏரியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மறு வருஷம் ஊரையும் சேர்த்தது. பிறகு கரையில் கண்டபடி கட்டடம் எழும்பியதால், ஆபத்தில் உள்ள இடங்களின் பட்டியலில் போடலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. இருந்தாலும் அந்த ஏரி அவர்கள் மறந்தாலும் இன்னும் பல தலைமுறைக்கு இருக்கும். 288 மீட்டர் ஆழம். நம்ம கண்மாய் ரெண்டு ஆள் ஆழம். நாம் ஒரு தலைமுறை மறந்தால் போதும், மேடாகி, பட்டா போட்டு, பிளாட் போட்டுவிடுவார்கள். மனிதன் உண்டாக்கிய ஏரியை மனிதன்தான் வருஷா வருஷம் காப்பாற்றியாக வேண்டும்.

அதனால் ஒரு கோரிக்கையோடு முடிக்கிறேன். பழைய மாணவர் சங்கம் வருஷா வருஷம் ஏதாவது நன்கொடை கொடுக்கிறோம். வாட்டர் கூலர் வாங்கினோம், மேடைக்கு மைக் செட் வாங்கினோம். இந்த வருஷம் ஒரு கண்மாயை எடுத்துக்கொள்வோம். தூர்வார நமக்கு அதிகாரம் கிடையாது, வேண்டவும் வேண்டாம். நம்மிடம் இருப்பது அளக்கத் தெரிந்த கை. சிவில் துறைப் பிள்ளைகள் டோட்டல் ஸ்டேஷனைத் தூக்கிக்கொண்டு, மலை அடிவாரத்திலிருந்து கண்மாய் வரைக்கும் வரத்துக்கால் முழுவதையும் நடந்து அளக்கட்டும். எங்கே அடைப்பு, எங்கே மட்டம் மாறியிருக்கிறது, எந்தப் பாலத்தின் கண் போதவில்லை என்று ஒரு வரைபடம் போடட்டும். ஊரில் மிச்சமிருக்கிற பழைய நீர்பாய்ச்சிகளைக் கூடவே அழைத்துப் போகட்டும், அவர்களுக்குக் கூலியும் கொடுப்போம். முடிந்ததும் அந்த வரைபடத்தை ஊர்ப் பெரியவர்கள் கையிலும் பொதுப்பணித்துறை அதிகாரிகள் கையிலும் கொடுப்போம். பிள்ளைகளுக்கு அது புராஜெக்ட். ஊருக்கு அது ஆதாரம். என் பங்குக்கு முதல் செலவையும், என் லீவில் பத்து நாளையும் தருகிறேன்.

தாத்தா இப்போது இல்லை. அந்த டிராயிங் ஷீட் மட்டும் வீட்டில் இருக்கிறது. அதில் சேறோடி இருக்க வேண்டிய இடத்தில் அவர் விரலை வைத்துக் காட்டியபோது பட்ட மண் கறை இன்னும் போகவில்லை.

முதல் வருஷம் வரிசையில் நின்று சொல்லாமல் விட்டதை, இத்தனை வருஷம் கழித்து அதே கல்லூரியில் நின்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் கேள்வி கேட்ட சீனியர்களில் சிலர் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அண்ணே, எங்க தாத்தா நீர்பாய்ச்சி. மடை திறந்தவர்.

சாப்பாடு தயார் என்று சைகை வருகிறது. பந்தியில் பால்கோவா உண்டு என்று கேள்விப்பட்டேன். சாப்பிடும்போது அந்தக் கண்மாயையும் ஒரு நிமிஷம் நினைத்துக் கொள்ளுங்கள்.